பானையை யார் பார்த்துக்கறது?

நேரா விஷயத்துக்கு வரேன். போன செமஸ்டர் செகண்ட் ரிவ்யூவுல எங்க டீம் ஏமாத்துச்சு.

பேனல் முன்னாடி ஒரு வெள்ளைத் துணியைப் பானைக்குள்ள முக்கினோம். வெளியே எடுத்தப்போ பச்சையா இருந்தது. காத்துல விரிச்சுப் பிடிச்சோம், கொஞ்ச நேரத்துல கண்ணு முன்னாடியே நீலமா மாறுச்சு. எக்ஸ்டெர்னலா வந்த சார் போன்ல வீடியோ எடுத்தார். பின்னாடி ஸ்க்ரீன்ல, "முழுக்க இயற்கை நொதித்தல் முறை, எந்த ரசாயனமும் சேர்க்கப்படவில்லை"ன்னு எங்க ஸ்லைடு பெருமையா நின்னுட்டு இருந்தது. ஆனா முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அதே பானைக்குள்ள ரெண்டு ஸ்பூன் ஹைட்ரோஸும் ஒரு கை காஸ்டிக் சோடாவும் போட்டது நாங்கதான். மார்க் நல்லாவே வந்தது.

இதை எங்க கைடு மேடம்கிட்ட நவம்பர்லயே சொல்லிட்டோம், அதனால இந்தக் கட்டுரை வந்ததும் யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம். நான் எழுத வந்தது அந்த ஏமாத்து வேலையைப் பத்தி மட்டும் இல்ல. ஏன் ஏமாத்த வேண்டிய நிலைமை வந்தது, அதுல நம்ம எல்லாருக்கும் என்ன பங்கு இருக்குங்கிறதைப் பத்தி. அதுக்கு முதல்ல அந்தப் பானை என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். கெமிக்கல் டிபார்ட்மென்ட் இல்லாதவங்களும் தாராளமா படிக்கலாம், பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி போதும்.

நீலம் ஏன் அடம் பிடிக்குது

மஞ்சளைத் தண்ணியில கொதிக்க வச்சா நிறம் இறங்கும். நீலம் அப்படி இல்ல. அவுரிச் செடியில இருந்து எடுக்கிற நீலக் கட்டியை ஒரு வாரம் தண்ணியில ஊற வச்சாலும் அடியில நீலச் சேறாத்தான் கிடக்கும். இண்டிகோ தண்ணியில கரையாது. கரையாத ஒண்ணு நூலுக்குள்ள போகவும் போகாது.

இதைக் கரைக்க ஒரு வழிதான். அந்த மூலக்கூறுக்கு எலக்ட்ரான் கொடுத்து ரிடக்‌ஷன் பண்ணணும். அப்போ அது நீலத்தை இழந்து, லுயூக்கோ இண்டிகோன்னு வேற உருவத்துக்கு மாறும். அந்த உருவம் காரத்தன்மை உள்ள தண்ணியில கரையும், பார்க்க மஞ்சள் கலந்த பச்சையா இருக்கும். அதுல துணியை முக்கினா நூலுக்குள்ள இறங்கும். வெளியே எடுத்ததும் காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டு, நூலுக்குள்ளயே பழையபடி கரையாத நீலமா மாறி அங்கேயே தங்கிடும். நீங்க போட்டிருக்கிற ஜீன்ஸுக்கும் இதே கதைதான்.

அப்போ எலக்ட்ரானை யார் கொடுக்கிறது? இங்கதான் ரெண்டு வழி பிரியுது. ஒண்ணு ஹைட்ரோஸ், அதாவது சோடியம் டைதயோனைட். காஸ்டிக் சோடாவோட சேர்த்துப் போட்டா அரை மணி நேரத்துக்குள்ள பானை தயார். இன்னொண்ணு பாக்டீரியா. காரத்தண்ணியில வாழப் பழகின சில பாக்டீரியாக்கள், சாப்பிடக் கொஞ்சம் மாவுச்சத்து கிடைச்சா, தங்களோட ஜீவனத்துக்கு நடுவுல இண்டிகோவையும் ரிடக்‌ஷன் பண்ணிடும். ஜப்பான் சாயப் பானைகள்ல இருந்து ஆல்கலிபாக்டீரியம்ங்கிற வகையில சில இனங்களைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. ஐரோப்பாவுல வோட்னு ஒரு செடியில இருந்து நீலம் எடுப்பாங்க. அந்தத் தொட்டியில இருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 1999-ல குளோஸ்ட்ரிடியம் ஐசாட்டிடிஸ்னு பேர் வச்சாங்க. ஆனா யாரும் பேர் வைக்கிறதுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே சாயக்காரங்க அதை வளர்த்துட்டுத்தான் இருந்தாங்க. மூக்கையும் நாக்கையும் கண்ணையும் வச்சு.

திண்டிவனம் பக்கம் ஒரு நாள்

ஜூலை மாசம் திண்டிவனம் பக்கத்துல ஒரு சாய யூனிட்டுக்குப் போனோம். விழுப்புரம் மாவட்டத்துல இன்னைக்கும் அவுரி பயிர் பண்றாங்க. பூக்குற சமயத்துல அறுத்த செடியைக் கட்டுக்கட்டா சிமென்ட் தொட்டியில அடுக்கி, தண்ணி விட்டு, மேல எடை வச்சு ராத்திரி முழுக்க ஊற விடுறாங்க. காலையில அந்தத் தண்ணியைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி அடிக்கிறாங்க. அடிக்க அடிக்கக் காத்து கலந்து, பச்சைத் தண்ணி நீலமாகி, மேல நுரை பொங்கும். அப்புறம் அடியில படிஞ்ச சேறைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, சோப்புக் கட்டி மாதிரி வெட்டி உலர்த்துறாங்க. பாதி நாள் நானும் வீடியோதான் எடுத்துட்டு இருந்தேன்.

மதியம், பானை பார்த்துக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. எங்க டீம்ல ஒருத்தன் நோட்டை எடுத்து, "ஐயா, எவ்வளவு நீலம், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை நாள்?"னு வரிசையா கேட்டான். அவர் எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லிட்டு, கடைசியா எங்களைத் திருப்பி ஒண்ணு கேட்டார். "அதெல்லாம் சரி தம்பி, நீங்க மூணு பேர்ல தினமும் பானைகிட்ட வரப்போறது யாரு?"

"மூணு பேருமே வருவோம் ஐயா"ன்னோம். அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அக்டோபர்ல புரிஞ்சது.

ஆரம்பிக்கிறது சுலபம்

நாங்க பண்ணினது இதுதான். நாற்பது லிட்டர் பிடிக்கிற மண்பானை. கால் கிலோ நீலக் கட்டியை ராத்திரி ஊற வச்சு, துகளே தட்டாத அளவுக்கு மை மாதிரி அரைச்சோம். கால் கிலோ தகரை விதை. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். தென்னிந்தியாவுல நீலப் பானைக்குப் போடுற பழைய தீனி இதுதான். அதைக் குழைய வேக வச்சு, கஞ்சியோட அப்படியே பானையில ஊத்தினோம். அப்புறம் நீத்த சுண்ணாம்பும் சலவை சோடாவும், பி.எச். 10-க்கும் 11-க்கும் நடுவுல வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா. (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல தெறிச்சா விளையாட்டு இல்ல.) தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். மூடி போட்டு, காலையிலயும் சாயங்காலமும் மெதுவா ஒரு கிண்டு. நம்ம ஊர் ஆகஸ்ட் வெயிலுக்குத் தனியா சூடு பண்ணத் தேவையே இல்ல.

மூணாவது நாள் ஒரு நாத்தம் வந்தது. மாட்டுத்தொழுவமும் ஊறப்போட்ட துணியும் கலந்த மாதிரி. அஞ்சாவது நாள் மேல நுரை. எட்டாவது நாள் காலையில மூடியைத் திறந்தா, தண்ணி மேல செம்புத் தகடு மாதிரி பளபளன்னு ஒரு ஏடு. அதை விலக்கினா அடியில மஞ்சள் பச்சை. ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டைல்ஸ் மேல வச்சோம், பச்சையா இருந்தது அப்படியே நீலமாச்சு. மூணு பேரும் லேப் பின்னாடி நின்னு கத்தினதுல மெக்கானிக்கல் பசங்க எட்டிப் பார்த்தாங்க.

ஃபர்ஸ்ட் ரிவ்யூவுல இதைக் காட்டினோம். எந்த ஏமாத்தும் இல்லாம. எல்லாரும் பாராட்டினாங்க. அதோட எங்க மனசுல ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு. இனிமே துணியை முக்கி ரீடிங் எடுக்க வேண்டியதுதான்னு நினைச்சோம்.

எப்படிக் கொன்னோம்

பானை ஒரு மெஷின் இல்ல, அதுக்கு ஆன் ஆஃப் கிடையாது. அது உயிரோட இருக்கிற வரைக்கும்தான் சாயம். அதுக்கு அஞ்சு விஷயம் தினமும் பார்க்கணும்: காரம், சூடு, தீனி, ஓய்வு, காத்து. நாங்க அஞ்சுலயும் தப்புப் பண்ணினோம்.

முதல் தப்பு, இட்லி மாவு லாஜிக். நொதித்தல்னாலே நமக்குப் புளிப்புதான் ஞாபகம் வரும். பானையில லேசா புளிச்ச வாசனை வந்ததும் "ஆஹா, நல்லா வேலை செய்யுது"ன்னு சந்தோஷப்பட்டோம். உண்மை நேர் எதிர். பாக்டீரியா சாப்பிடச் சாப்பிட அமிலம் உண்டாகும். காரம் குறைஞ்சுக்கிட்டே வரும். அதைச் சரிக்கட்டத்தான் அப்பப்போ சுண்ணாம்பு. ஒரேயடியா அள்ளிப் போட்டாலும் பாக்டீரியா படுத்துடும், போடாம விட்டாலும் கரைஞ்ச நீலம் திரும்ப அடியில உட்கார்ந்துடும். இட்லி மாவு புளிச்சா தோசை ஊத்தலாம். நீலப் பானை புளிச்சா அவ்வளவுதான்.

ரெண்டாவது தப்பு, அவசரம். ஒரு நாள் நிறம் கொஞ்சம் மங்கலா விழுந்தது. "பசிக்குது போல"ன்னு அரை கிலோ வெல்லத்தைக் கரைச்சு ஊத்தினோம். வெல்லமும் தவிடும் பானைக்குத் தீனிதான், ஆனா ஒரு கைப்பிடி. அரை கிலோ வெல்லம் சாப்பிட்ட பாக்டீரியா என்ன ஆட்டம் போடும்னு மூணு நாள்ல தெரிஞ்சது. பி.எச். 8.7.

மூணாவது தப்பு எங்க பெருமை. பார்க்க வர்ற ஒவ்வொரு ஃப்ரெண்டுக்கும் மூடியைத் திறந்து, கலக்கி, ஒரு கர்சீப்பை முக்கிக் காட்டினோம். ரீல்ஸும் எடுத்தோம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், வேகமா கலக்கும்போதும், காத்து நிறைஞ்ச துணியை உள்ள விடும்போதும் ஆக்சிஜன் உள்ள போகுது. பாக்டீரியா ராத்திரி முழுக்க ரிடக்‌ஷன் பண்ணி வச்சதை நாங்க பத்து நிமிஷத்துல ஆக்சிடேஷன் பண்ணிட்டு இருந்தோம். முறையா பண்றவங்க துணியை முன்னாடியே நனைச்சுப் பிழிஞ்சு, மெதுவா உள்ள விட்டு, தண்ணிக்கு அடியிலயே பிழிஞ்சு, சொட்டாம எடுப்பாங்க. சில முக்குக்கு அப்புறம் பானையை மூடி, மறுநாள் வரைக்கும் விட்டுடுவாங்க. ஜப்பான்ல நாலு பானையைத் தரையில சேர்த்துப் புதைச்சு, நடுவுல ஒரு குழியில தீ மூட்டி வெதுவெதுப்பா வச்சிருக்கிற சாயக்கூடங்கள் இருக்கு. ஒண்ணு வேலை செய்யும்போது மத்ததை ஓய்வுல விடலாம். நாங்க ஒரே பானையை வச்சுக்கிட்டு அதுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கொடுக்கல.

நாலாவதுதான் கடைசி அடி. சிம்போசியம். நாலு நாள் யாருமே போகல. ஆளாளுக்கு "அவன் போயிருப்பான்"னு நினைச்சோம். அஞ்சாவது நாள் திறந்தா, மேல ஏடு இல்ல, பச்சை இல்ல, சாம்பல் நிறத் தண்ணியும் அடியில நீலச் சேறும். ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் இருந்தது. சுண்ணாம்பு போட்டு, புதுசா தகரை வேக வச்சு ஊத்திப் பார்த்தோம். ஒருவேளை பொறுமையா ரெண்டு வாரம் பார்த்திருந்தா எழுந்திருச்சிருக்கும். ரிவ்யூ தேதி பொறுமையா இருக்காது. அப்போதான் ஒருத்தன் டெக்ஸ்டைல் லேப்ல இருந்து ஹைட்ரோஸ் டப்பாவைக் கொண்டு வந்தான். நான் தடுக்கல. மூடியைத் திறந்து பிடிச்சுக்கிட்டதே நான்தான்.

இருபது நிமிஷத்துல பச்சை வந்தது. காஸ்டிக்ல பி.எச். 12-ஐத் தாண்டிடுச்சு. மிச்சம் மீதி உயிரோட இருந்த பாக்டீரியாவுக்கும் அன்னைக்கு ராத்திரியே கதை முடிஞ்சது. மறுநாள் பேனல் கைதட்டினது ஒரு செத்த பானைக்கு.

"அதே நீலம்தானே, என்ன தப்பு?"

இந்தக் கேள்வியை ஹாஸ்டல்ல பத்துப் பேராவது கேட்டாங்க. நியாயமான கேள்வி. மூலக்கூறைப் பொறுத்தவரைக்கும் செடியில இருந்து வந்த இண்டிகோவும் ஃபேக்டரியில இருந்து வந்த இண்டிகோவும் ஒண்ணுதான். அடால்ஃப் வான் பேயர் 1883-லயே அதோட அமைப்பைச் சொல்லிட்டார், 1905-ல நோபல் வாங்கினார். பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1897-ல செயற்கை இண்டிகோவை விக்க ஆரம்பிச்சது, சில வருஷத்துல இந்திய அவுரிச் சந்தை சரிஞ்சது.

"இயற்கை"னு சொன்னதும் எல்லாம் புனிதம்னு நினைக்கிற ஆளும் நான் இல்ல. இதே இயற்கை நீலத்துக்காகத்தான் 1859-ல வங்காள விவசாயிங்க கிளர்ச்சி பண்ணினாங்க. சம்பாரண்ல இருபது பங்கு நிலத்துல மூணு பங்குல கட்டாயமா அவுரி போடணும்னு இருந்த முறையை எதிர்த்துத்தான் 1917-ல காந்தி போனார். செடி பச்சையா இருக்கிறதால அதைச் சுத்தி நடக்கிறது எல்லாம் நல்லதாயிடாது.

அதனால ஹைட்ரோஸ் போட்டதை நான் பாவம்னு சொல்லல. டெனிம் தொழிலே அதுலதான் ஓடுது. அது வேலை முடிச்சதும் சல்ஃபைட்டும் சல்ஃபேட்டுமா கழிவுநீர்ல போகும், அதைச் சுத்திகரிக்கணும். இது தெரிஞ்சு செய்யற ஒரு தொழில் முடிவு. எங்க தப்பு வேற. போட்டுட்டு, போடலன்னு சொன்னோம். பேனல் முன்னாடி நாங்க வித்தது நீலத்தை இல்ல. ரெண்டு மாசம் தினமும் ரெண்டு வேளை ஒரு பானையைக் கவனிச்சோம்ங்கிற பேரை. அந்த வேலையை நாங்க செய்யவே இல்ல.

இப்போ என் கருத்து

நம்ம காலேஜ்ல, அநேகமா எல்லா இன்ஜினியரிங் காலேஜ்லயும், ஆரம்பிக்கிறதுக்குத்தான் மார்க். காப்பாத்துறதுக்கு இல்ல.

யோசிச்சுப் பாருங்க. ஃபர்ஸ்ட் ரிவ்யூவுல ஐடியா, செகண்ட் ரிவ்யூவுல டெமோ, கடைசியில ரிப்போர்ட், வைவா. மே மாசம் ப்ராஜெக்ட் குப்பைக்குப் போகும். ஜூன்ல அடுத்த பேட்ச் அதே ஐடியாவைப் புதுசா ஆரம்பிக்கும். உங்க பிளாக் பின்னாடி போய்ப் பாருங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி சீனியர்ஸ் வச்ச மழைநீர்த் தொட்டி, செடி முளைச்சுக் கிடக்கு. சோலார் ட்ரையர் கண்ணாடியில தூசி ஒரு இஞ்சு. கேன்டீன் டோக்கன் ஆப் இன்னும் ப்ளே ஸ்டோர்ல இருக்கு, திறந்தா எர்ரர். இது எல்லாமே அந்தந்த வருஷம் ஏதோ ஒரு பரிசு வாங்கினதுதான். எதுவும் தப்பான ஐடியா இல்ல. மறுநாள் காலையில போய்ப் பார்க்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.

இதை நம்ம காலேஜுக்குள்ள நடக்கிற சின்ன விஷயம்னு விட்டுட முடியல. திருப்பூரை எடுத்துக்கோங்க. அங்க பிரச்சனை இண்டிகோ இல்ல, பனியன் துணிக்குப் போடுற சாயத்தோட வர்ற உப்பு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அங்க சுத்திகரிப்பு நிலையம் கட்டாம இல்ல. கட்டியிருந்தாங்க. ஆனா கழிவே வெளியே வராதுங்கிற இலக்கை எட்டல. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற நிலைமை வந்தது. எத்தனையோ குடும்பத்துக்கு வேலை போச்சு. ஒரு நிலையத்தைக் கட்டித் திறக்கிறதுக்கும், அது ஒவ்வொரு நாளும் சொன்னபடி ஓடுறதுக்கும் நடுவுல ஒரு பெரிய தூரம் இருக்கு. அந்தத் தூரத்துல நிக்கப் போறது நம்ம மாதிரி ஆளுங்கதான். அதுக்கு எந்த செமஸ்டர்ல நம்மைப் பழக்கினாங்க?

"பராமரிப்பெல்லாம் டெக்னீஷியன் வேலை, நாங்க டிசைன் பண்றவங்க"ன்னு ஒரு நினைப்பு நமக்குள்ள இருக்கு. எனக்கும் இருந்தது. பானை அந்த நினைப்பை உடைச்சிடுச்சு. ஆரம்பிக்கிற முறையை அரைப் பக்கத்துல எழுதிடலாம், மேல எழுதியும் இருக்கேன். அதுல பெருசா அறிவு ஒண்ணும் இல்ல. ஏடு ஏன் இன்னைக்கு மெல்லிசா இருக்கு, நாத்தம் ஏன் மாறிருக்கு, இது பசியா இல்ல புளிப்பா, சுண்ணாம்பு போடணுமா இல்ல ஒரு நாள் சும்மா விடணுமா? இந்த முடிவுகள்லதான் கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ப்ராசஸ் கன்ட்ரோல் எல்லாமே ஒண்ணா வேலை செய்யுது. நாலு வருஷத்துல நான் படிச்ச பேப்பர் எல்லாம் முதல் தடவையா ஒரே இடத்துல சேர்ந்தது அந்த மூடியைத் திறக்கும்போதுதான்.

ரெண்டாவது பானை

நவம்பர்ல மேடம்கிட்ட சொன்னப்போ திட்டுவாங்கன்னு நினைச்சோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "திரும்ப ஆரம்பிங்க. இந்தத் தடவை எனக்குத் துணி காட்ட வேண்டாம். நோட்டு காட்டுங்க. ஒரு நாள் விட்டாலும் விட்டதுன்னு எழுதுங்க"ன்னாங்க.

ரெண்டாவது பானை டிசம்பர் முதல் வாரம் ஆரம்பிச்சோம். மழை, குளிர். பன்னிரண்டு நாள் ஆச்சு ஏடு கட்ட. பானையைச் சுத்தி வைக்கோலும் சாக்கும் கட்டினோம். காலை 8, சாயங்காலம் 5, முறை வச்சுப் போனோம். நோட்டுல நாலு காலம்: பி.எச்., சூடு, வாசனை, என்ன பண்ணினோம். சில நாள் கடைசி காலத்துல "ஒண்ணும் பண்ணல, மூடிட்டோம்"னு மட்டும் இருக்கும். அதை எழுத ஆரம்பத்துல கஷ்டமா இருந்தது. எதையாவது பண்ணினாத்தானே வேலை மாதிரி இருக்கும்.

பொங்கல் லீவு வந்தது. மூணு பேருக்கும் மூணு ஊர். ஆறு நாள். திரும்பி வரும்போது பானை செத்திருக்கும்னு பஸ்லயே மனசைத் தேத்திக்கிட்டேன். வந்து திறந்தா, செம்பு ஏடு. கிண்டின அடையாளம் இருந்தது. நோட்டைப் பிரிச்சா, ஆறு நாளைக்கும் எழுதியிருந்தது, எங்க கையெழுத்து இல்ல. "வாசனை: நல்லா இருக்கு." "வாசனை: கொஞ்சம் புளிப்பு. சுண்ணாம்பு ஒரு கரண்டி."

எங்க லேப் அண்ணா. பொங்கலன்னைக்கு மட்டும் ஒரு வேளை. மத்த நாள் ரெண்டு வேளை. "எப்படிண்ணா தெரிஞ்சது சுண்ணாம்பு போடணும்னு?"ன்னு கேட்டேன். "நீங்க பேசிக்கிட்டதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன் தம்பி. முதல் பானை நாறிப் போனப்பவே தெரியும். நீங்க கேக்கல, நான் சொல்லல"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி எங்க செகண்ட் ரிவ்யூ ரிப்போர்ட்டை எடுத்து, நன்றி சொல்ற பக்கத்தைப் படிச்சேன். சேர்மன், பிரின்சிபால், ஹெச்.ஓ.டி., பெற்றோர், நண்பர்கள். ஹைட்ரோஸ் டப்பா கொண்டு வந்த நண்பன் வரைக்கும் இருக்கான். லேப் அண்ணா பேர் இல்ல. லேப்ல உடைஞ்சதை ஒட்டி, தீர்ந்ததை வாங்கி வச்சு, நாம மறந்துட்டுப் போன ஹீட்டரை அணைச்சு, வருஷா வருஷம் இந்த இடத்தை ஓட வைக்கிற ஒரே ஆள். பராமரிப்புக்கு மார்க் இல்லன்னு புலம்பற நானே அவருக்கு ஒரு வரி கொடுக்கல.

என்ன பண்ணலாம்

பெருசா எதுவும் கேக்கல, மூணு விஷயம்.

ஒண்ணு, ப்ராஜெக்ட் மார்க்ல ஒரு பங்கை லாக் நோட்டுக்குக் கொடுங்க. டெமோ சொதப்பினாலும் நோட்டு நேர்மையா இருந்தா அதுக்கு மதிப்பு இருக்கணும். தோல்வியை எழுதினா மார்க் போகும்னு பயம் இருக்கிற வரைக்கும் எங்களை மாதிரி ராத்திரி பத்து மணி டீம்கள் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

ரெண்டு, புதுசா ஆரம்பிக்கிற மாதிரியே, சீனியர்ஸ் விட்டுட்டுப் போனதை எடுத்து ஓட்டுறதும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஏத்துக்கப்படணும். "இதுல நாவல்ட்டி என்ன?"ன்னு பேனல் கேக்கும். ஒரு வருஷமா நிக்காம ஓடுதுங்கிறதே நம்ம கேம்பஸ்ல நாவல்ட்டிதான் சார்.

மூணு, யாரோட பேரெல்லாம் நம்ம ரிப்போர்ட்ல இல்லன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. எங்க ஃபைனல் ரிப்போர்ட்ல அண்ணா பேர் நன்றிப் பக்கத்துல இல்ல. பொங்கல் வார ரீடிங்கை எடுத்தவர்னு டேட்டா டேபிளுக்குக் கீழேயே போட்டிருக்கோம்.

ஒரு பானையை வச்சு டெனிம் உலகத்தை மாத்திட முடியாதுன்னு எனக்கும் தெரியும். நான் மாத்த நினைக்கிறது அதை இல்ல. எனக்கு பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு, ஜூலையில ஒரு ஐ.டி. கம்பெனியில சேரப் போறேன். அங்க எனக்குக் கொடுக்கப் போற வேலை "சப்போர்ட் அண்ட் மெயின்டனன்ஸ்"னு மெயில் வந்தப்போ ஃப்ரெண்ட்ஸ் ஆறுதல் சொன்னாங்க. போன வருஷமா இருந்தா எனக்கும் ஆறுதல் தேவைப்பட்டிருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். கெமிக்கல் பிளாக் பின்னாடி, வேப்பமரத்துக்குக் கீழ, சாக்கு சுத்தின பானை ஒண்ணு இருக்கு. இதை எழுதற இன்னைக்கு வரைக்கும் உயிரோட இருக்கு. ஏப்ரல் கடைசியில எங்களுக்கு வைவா, அதுக்கப்புறம் நாங்க யாரும் இங்க இருக்க மாட்டோம். லேப் அண்ணா பார்த்துப்பார்னு விட்டுட்டுப் போறது நியாயம் இல்ல. தேர்ட் இயர்ல, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டு பேர் வேணும். தகரை விதையும் சுண்ணாம்பும் மே மாசம் வரைக்கும் வாங்கி வச்சிருக்கோம். நோட்டையும் தர்றோம். காலையில 8 மணிக்கு வந்தீங்கன்னா நான் அங்கதான் இருப்பேன். வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு வாங்க, பெரியவர் எங்ககிட்ட கேட்டது: தினமும் பானைகிட்ட வரப்போறது யாரு?

மூடியை மெதுவா திறங்க. ரீல்ஸ் வேண்டாம்.